ராயல் சார்ட்டர்: கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும் கப்பல் உடைந்தது ஏன்?

கேள்வி இது: 1859-இல் வேல்ஸ் கரையோரம் உடைந்த ராயல் சார்ட்டர் இரும்புக் கப்பல், நீராவி இயந்திரமும் இருந்தது, கரையும் பக்கத்திலேயே இருந்தது. அப்படியிருந்தும் ஏறத்தாழ 450 பேர் இறந்தது எப்படி? ஆஸ்திரேலியாவிலிருந்து ஏற்றிவந்த தங்கத்தின் பாரம்தான் காரணம் என்று பல இடங்களில் எழுதுகிறார்களே, அது சரியா?

சரியில்லை. தங்கத்தால் கப்பல் மூழ்கவில்லை. காற்று திசை மாறியதால் பாதுகாப்பான கடலோரம் சில மணி நேரத்தில் பொறியாகிவிட்டது. அந்தப் பொறியிலிருந்து வெளியே வரும் அளவுக்கு இயந்திரத்தில் சக்தி இல்லை. கரையில் 450 பேர் இறந்தது மூன்றாவது விஷயம், அதன் காரணங்கள் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் "தங்கம்" என்ற ஒற்றைச் சொல்லில் பதில் முடிந்துவிடுகிறது.

முதலில் கப்பலைப் பற்றி. வேல்ஸின் டீ (Dee) ஆற்றங்கரையில் சாண்டிகிராஃப்ட் என்ற இடத்தில் கட்டி 1855-இல் நீரில் இறக்கப்பட்டது. 2,719 டன். அடிப்படையில் இது பாய்மரக் கப்பல். பாய்களோடு 200 குதிரைத்திறன் நீராவி இயந்திரத்தையும் பொருத்தியிருந்தார்கள். காற்றில்லாத நாட்களில் மெதுவாக ஊர்ந்து போகவும் துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியேறவும் உதவும் துணை இயந்திரம் அது. "இயந்திரம் இருந்ததே" என்று கேட்கும்போது இன்றைய கப்பலின் இயந்திரம் நம் மனதில் வருகிறது. இது அந்த வகை அல்ல. பெருங்கடலில் கப்பலை ஓட்டிச் சென்றது பாய்தான்.

லிவர்பூலுக்கும் மெல்பர்னுக்கும் இடையே 60 நாளுக்குள் கொண்டுசேர்ப்போம் என்பதுதான் கப்பல் நிறுவனத்தின் விளம்பரம். 1859 ஆகஸ்ட் 26 அன்று மெல்பர்னிலிருந்து புறப்பட்ட கப்பல், அக்டோபர் 24 அன்று அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் சில பயணிகளை இறக்கிவிட்டது. அந்த ஊரின் இன்றைய பெயர் கோவ். நாட்களைக் கூட்டிப் பார்த்தால் அன்றைக்கு 59-ஆவது நாள். கேப்டன் தாமஸ் டெய்லரின் கணக்கில் மிச்சமிருந்தது கிட்டத்தட்ட ஒரு நாள் ஓட்டம். கப்பலில் சுமார் 370 பயணிகள், 112 மாலுமிகள், நிறுவனத்தின் வேறு சில ஊழியர்கள். வழியில் ஓர் இழுவைக் கப்பலிலிருந்து 11 பாய்க்கயிற்றுத் தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். ஊர் திரும்ப இடம் கேட்டு ஏறியவர்கள் அவர்கள். இறந்தோர் எண்ணிக்கையை யாரும் "ஏறத்தாழ" என்றே சொல்வது, பயணிகள் பட்டியலும் கப்பலோடு போய்விட்டதால்.

அக்டோபர் 25 பிற்பகல் சுமார் 1.30 மணிக்கு வேல்ஸை ஒட்டிய ஆங்கிள்சி தீவின் மேற்கு முனையிலுள்ள ஹோலிஹெட்டைக் கப்பல் கடந்தது. அந்தத் துறைமுகத்தில் ஒதுங்கும்படி கேப்டனுக்கு யோசனை சொல்லப்பட்டதாகவும், அவர் லிவர்பூலுக்கே போகலாம் என்று முடிவெடுத்ததாகவும் சொல்வார்கள். அந்தக் காலத்தின் மிகப் பெரிய கப்பலான கிரேட் ஈஸ்டர்ன் அன்று ஹோலிஹெட்டில்தான் நின்றது. புயலில் அடிபட்டாலும் அது தப்பிவிட்டது. இதைக் காட்டித்தான் டெய்லரைக் குறை சொல்கிறார்கள். ஆனால் 1.30 மணிக்குக் கப்பலின் மேல்தளத்தில் நின்றவருக்கு இரவு என்ன நடக்கும் என்று தெரிய வழி இருந்ததா என்றும் கேட்க வேண்டும். அதற்குக் கீழே வருகிறேன்.

இனிக் காற்று. அந்தக் கடற்பகுதியில் பலத்த காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும். அப்படி வரும்போது ஆங்கிள்சியின் கிழக்குக் கரைக்கு முழுத் தீவும் மறைப்பாக நிற்கும். மோயல்வ்ரே கிராமத்துக்கு எதிரே உள்ள விரிகுடாவில் கப்பல்கள் நங்கூரமிட்டு ஒதுங்குவது வழக்கம். காற்று கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்தால் அதே இடம் தலைகீழாகிவிடும்: காற்றும் அலையும் நேராகப் பாறையை நோக்கி. நம் கடற்கரையில் கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்ததும் இதற்காகத்தானே. கடலோடிக்குக் காற்று எவ்வளவு வேகம் என்பதற்கு முன்னால் எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும்.

அன்று மாலை கப்பல் தீவின் வடகிழக்கு மூலையான பாயின்ட் லைனஸை நெருங்கியபோது, லிவர்பூல் துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட்டை ஏற்றிக்கொள்ள முயன்றார்கள். அலையின் சீற்றத்தில் பைலட் படகு அணுக முடியவில்லை. காற்று அப்போது கிழக்கிலிருந்து. இரவு ஏற ஏற அது கிழக்கு-வடகிழக்கு, பிறகு வட-வடகிழக்கு என்று திரும்பி, சூறாவளி வேகத்தைத் தொட்டது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்த மையம் நம் இடப்பக்கம் இருக்கும். கிழக்குக் காற்றில் அப்படி நின்றால் மையம் தெற்கே; வட-வடகிழக்குக் காற்றில் நின்றால் மையம் கிழக்கே. அதாவது புயலின் மையம் தெற்கிலிருந்து மேலேறி, கப்பலின் கிழக்குப் பக்கமாகக் கடந்துபோயிருக்கிறது. கப்பல் மாட்டிக்கொண்டது அதன் மேற்கு விளிம்பில். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் காற்று கரையை நோக்கித் திரும்பிக்கொண்டே இருந்தது.

அப்படியானால் பாயை விரித்துக் கரையை விட்டு விலகியிருக்கலாமே என்றால், முடியாது. பாயைத் தாங்கும் குறுக்கு மரங்களான பருமல்களில் சதுரப் பாய் கட்டிய கப்பல், காற்று வரும் திசைக்குச் சுமார் 65 பாகைக்கு மேல் நெருங்கி ஓடாது. அதிலும் பக்கவாட்டில் வழுக்கும். சூறாவளியில் விரித்த பாய் கிழிந்துபோகும், இல்லையென்றால் மரத்தை முறிக்கும். பாயைச் சுருட்டி வைத்தாலும் மரங்களும் பருமல்களும் கயிறுகளும் காற்றைப் பிடிக்கும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகக் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 125 கிலோ எடை வைத்தது போல அழுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும், அதனால் 80 கிலோமீட்டர் வேகக் காற்றைச் சமாளித்த இயந்திரம் 160-இல் சமாளிக்கும் என்று நம்ப முடியாது. துணை இயந்திரம் முழு வேகத்தில் சுழன்றும் கப்பல் முன்னேறவில்லை.

இரவு 11 மணிக்கு நங்கூரம் போட்டார்கள். நள்ளிரவு கடந்து 1.30 மணிக்கு இடப்பக்கச் சங்கிலி அறுந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் வலப்பக்கச் சங்கிலியும் போனது.

சங்கிலி அறுந்ததற்கு இரும்பு மட்டமானது என்று அவசரமாகச் சொல்லிவிடக் கூடாது. நங்கூரம் கப்பலை நிறுத்துவதில் பெரும்பங்கு சங்கிலியின் எடைக்கு உண்டு. அமைதியான கடலில் சங்கிலி கடலடியில் கொஞ்ச தூரம் கிடந்து, பிறகு வளைந்து மேலேறும். அலை கப்பலைத் தூக்கும்போது அந்த வளைவு நிமிர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். காற்று கூடக் கூட வளைவு குறைந்து, கடைசியில் சங்கிலி கம்பி போல் விறைத்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு அலையின் வெட்டும் நேராகக் கண்ணிகளில் இறங்கும். சங்கிலியை இன்னும் நீளமாக விடுவதுதான் பரிகாரம். பின்னால் பாறை இருக்கும்போது விடுகிற ஒவ்வொரு அடியும் கப்பலைப் பாறைக்கு ஒரு அடி நெருக்கும். இரண்டு நங்கூரத்தில் ஒன்று போனால் மற்றதன் மேல் முழுப் பாரமும் ஏறும். போதாததற்குக் கப்பல் ஒற்றைச் சங்கிலியில் இடமும் வலமும் ஊசலாடி, ஒவ்வொரு ஊசலின் முடிவிலும் சுண்டி இழுக்கும். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டும் அறுந்ததில் வியப்பில்லை.

பாய்மரங்களையும் வெட்டி வீழ்த்தினார்கள். கடலோடிகள் எளிதில் செய்யத் துணியாத காரியம் இது, ஏனென்றால் அதற்குப் பிறகு அது பாய்மரக் கப்பலே இல்லை. காற்றுப் பிடிக்கும் பரப்பைக் குறைப்பது நோக்கம். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. வெட்டிய மரம் கயிறுகளோடு கப்பலின் ஓரமாக விழும். அந்தக் கயிறு கப்பலை உந்தும் சுழலியில் சுற்றிக்கொண்டால் இயந்திரமும் பயனற்றுப் போகும். அதனால் மரத்தை வெட்டும் முன் எந்தப் பக்கக் கயிற்றை முதலில் அறுப்பது, எந்தப் பக்கம் மரத்தைச் சாய்ப்பது என்பதெல்லாம் இருட்டிலும் அலையிலும் கணக்காக நடக்க வேண்டிய வேலை. நங்கூரம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மரத்தை வெட்டுவது பயன் தரும். சங்கிலி அறுந்தபின் வெட்டினால், கப்பல் கரையை அடையும் நேரம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான்.

கப்பல் முதலில் மோதியது மணலில். அது நல்லதாகத்தான் தோன்றியது: மணலில் அமர்ந்த கப்பல் விடியும்வரை தாங்கினால், நீர் வற்றும்போது மக்கள் இறங்கலாம். ஆனால் அப்போது கடல் ஏற்றம். ஏறும் நீர் கப்பலைத் தூக்கி, அக்டோபர் 26 அதிகாலை மோயல்வ்ரேக்குச் சற்று வடக்கே போர்த் அலெர்த் என்ற இடத்தில் பாறைகளின்மேல் எறிந்தது. அங்கே கரை படிப்படியாக அடுக்கிய சுண்ணாம்புக்கல் பாறை. கப்பலின் உடல் நீரால் முழு நீளத்துக்கும் தாங்கப்படும் என்ற கணக்கில் கட்டப்பட்டது. ஒரு பகுதி பாறையில் ஊன்றி, மற்ற பகுதி அலையில் ஏறி இறங்கினால், உடல் முழுவதும் நடுவில் வளையும். ஆணி அடித்து இணைத்த இரும்புத் தகடு அந்த வளைவை ஓரளவுதான் தாங்கும். கப்பல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. இரும்பின் தரம்பற்றிப் பிறகு நடந்த விசாரணையில் கேள்வி எழுந்தது உண்மை. எவ்வளவு நல்ல இரும்பாக இருந்திருந்தாலும் அந்தப் பாறையில் அந்த அலையில் சில மணி நேரம் கூடுதலாகத் தாங்கியிருக்கும் என்பதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் கயிறு வழியாக இன்னும் எத்தனையோ பேர் வந்திருப்பார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

அந்தக் கயிற்றைக் கொண்டுவந்தவர் மால்டாவைச் சேர்ந்த மாலுமி ஜூசே ருஜியர். ஆங்கில ஏடுகளில் ஜோசப் ரோஜர்ஸ். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்த அலையில் நீந்திக் கரை சேர்ந்தார். நீந்துபவரால் தடிமனான கயிற்றைக் கொண்டுபோக முடியாது, நனைந்த கயிற்றின் எடையே அவரை இழுத்துவிடும். அதனால் மெல்லிய கயிறு முதலில் போகும். அதன் முனையில் தடிமனான வடத்தைக் கட்டி, கரையில் உள்ளவர்கள் இழுத்துப் பாறையில் இறுக்குவார்கள். அந்த வடத்தில் ஒரு பலகை இருக்கையைத் தொங்கவிட்டு, இன்னொரு கயிற்றால் கரைக்கும் கப்பலுக்கும் இழுத்து இழுத்து ஆட்களைக் கொண்டுவர வேண்டும். ஒரு நடைக்கு ஒருவர். கப்பல் அலையில் உருளும்போது வடம் ஒரு கணம் தொய்ந்து மறுகணம் சுண்டும். கரைமுனையைக் கையால் பிடித்து, தொய்வை உள்வாங்கி, சுண்டும்போது விட்டுக்கொடுக்கும் ஆட்கள் வேண்டும். மோயல்வ்ரே கிராமத்து ஆண்கள் 28 பேர் கைகோத்துச் சங்கிலியாக அலைக்குள் இறங்கி ஆட்களைப் பிடித்து இழுத்தார்கள். மொத்தம் சுமார் 40 உயிர்கள் தப்பின. தப்பியவர்கள் அனைவரும் ஆண்கள். ஒரு பெண்ணோ ஒரு குழந்தையோ பிழைக்கவில்லை.

இப்போது தங்கம். கப்பலின் பெட்டக அறையில் இருந்த தங்கத்தின் மதிப்பு 3,22,440 பவுண்டு. அப்போது ஓர் அவுன்ஸ் தங்கம் ஏறத்தாழ 4 பவுண்டு. கணக்குப் போட்டால் சுமார் 80,000 அவுன்ஸ், அதாவது இரண்டரை டன். கப்பலின் 2,719 டன் என்பது எடை அல்ல, உட்கொள்ளளவைக் குறிக்கும் கணக்கு. இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் நூற்றுக்கணக்கான மனிதர்களையும் அவர்களுக்கு இரண்டு மாதத்துக்கான உணவையும் நிலக்கரியையும் சுமக்கும் கப்பலுக்கு இரண்டரை டன் ஒரு பொருட்டே இல்லை. முப்பது நாற்பது பயணிகள் கூடுதலாக ஏறியதற்குச் சமம்.

தனி மனிதருக்கு நிலைமை வேறு. தோண்டிச் சேர்த்த தங்கத்தைப் பலர் இடுப்புக் கச்சையிலும் சட்டைத் தையலிலும் வைத்திருந்தார்கள். நம் நகைக்கடையில் சவரன் என்கிறோமே, அந்தச் சொல் சாவரின் என்ற பிரிட்டிஷ் பொற்காசின் பெயர்தான். ஒரு காசு கிட்டத்தட்ட 8 கிராம். 250 காசு கட்டியிருந்தால் 2 கிலோ. தங்கம் மிக அடர்த்தியான பொருள் என்பதால் அந்த 2 கிலோவுக்கு நீர் தரும் தூக்கல் மிகச் சொற்பம். நுரையீரல் நிறைய மூச்சை இழுத்தவரின் உடல் கடல்நீரில் மிதப்பது சில கிலோ உபரித் தூக்கலில்தான், மூச்சை விட்டால் அதுவும் கரைந்துவிடும். ஆகவே நீந்த முயன்ற சிலரைத் தங்கம் கீழே இழுத்தது உண்மை. ஆனால் பெரும்பாலானவர்கள் மூழ்கி இறக்கவில்லை. அலை அவர்களைப் படிப்பாறைகளில் மீண்டும் மீண்டும் அடித்தது. திரும்பும் நீர் இழுத்துப் போனது, அடுத்த அலை உடைந்த பருமல்களோடும் தகடுகளோடும் சேர்த்து மறுபடி எறிந்தது. இடுப்பில் ஒரு காசுகூட இல்லாதவர்களும் அப்படித்தான் இறந்தார்கள். பேராசையால் செத்தார்கள் என்ற கதை அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம்.

பெட்டகத் தங்கத்தின் பெரும்பகுதியை முக்குளிப்போர் சீக்கிரமே மீட்டுவிட்டார்கள். மனிதர்களை அடையாளம் காண்பது அதைவிடக் கடினமாக இருந்தது. பக்கத்து ஊரான லனால்கோ தேவாலயத்தின் குரு ஸ்டீவன் ரூஸ் ஹியூஸ், கரை ஒதுங்கிய உடல்களைத் தேவாலயத்துக்குள் கிடத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொத்தானையோ ஒரு கற்றை முடியையோ துணியில் தைத்திருந்த எழுத்தையோ வெட்டி எடுத்துக் குறித்து வைத்தார். முகம் அடையாளம் தெரியாதபோது தழும்பு, பல், மோதிரம். உறவினர்கள் எழுதிய கடிதங்களில் உள்ள விவரங்களை அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களை எழுதினார். ஏறத்தாழ 140 பேர் அந்தத் தேவாலய வளாகத்தில் அடக்கமானார்கள். அவரும் 1862-இல் இறந்துபோனார்.

கேப்டனுக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தப் புயலில் மொத்தம் 133 கப்பல்கள் தொலைந்தன, சுமார் 800 பேர் இறந்தார்கள். பிரிட்டனின் வானிலைத் துறை 1854-இல் தொடங்கப்பட்டபோது அதன் தலைவராக அமர்ந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் கேப்டன் இவர். கலங்கரை விளக்கங்களிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் அந்த இரண்டு நாட்களின் அளவீடுகளை வரவழைத்து, ஒரே நேரத்தில் எங்கெங்கே என்ன காற்று, என்ன அழுத்தம் என்று வரைபடங்களாகப் போட்டார். புயல் 25-ஆம் தேதி பிற்பகல் 3 மணி வாக்கில் கார்ன்வாலையும் டெவனையும் தாக்கியது, இரவு 8 மணி வாக்கில் ஆங்கிள்சிக்கு வந்தது, மறுநாள் நண்பகலில் லிவர்பூல் பக்கம் உச்சமடைந்தது. தந்திக் கம்பி அதைவிட வேகம். கார்ன்வாலில் காற்றடித்ததும் வடக்கே சொல்லியிருந்தால் எத்தனையோ கப்பல்கள் துறைமுகத்திலேயே நின்றிருக்கும்.

ராயல் சார்ட்டருக்கு மட்டும் அந்தத் தந்தி உதவியிருக்காது. அது ஹோலிஹெட்டைத் தாண்டியது 1.30 மணிக்கு, கார்ன்வாலில் காற்று தொடங்குவதற்கும் முன்னால். இதைப் பலர் கவனிப்பதில்லை. காற்று வந்தபின் செய்தி சொன்னால் போதாது. பல ஊர்களில் ஒரே நேரத்தில் அழுத்தமானியைப் படித்து, அழுத்தம் எங்கே சரிகிறது என்பதைக் காற்று எழும் முன்பே பார்க்க வேண்டும். ஒரு கப்பலின் ஒற்றை அழுத்தமானி இறங்குவதைக் காட்டும், மையம் எங்கிருந்து எங்கே போகும் என்று காட்டாது. அதனால் டெய்லரின் முடிவைத் தவறு என்று சொல்லலாம், மடமை என்று சொல்ல மாட்டேன்.

1861 பிப்ரவரியில் ஃபிட்ஸ்ராயின் புயல் எச்சரிக்கைகள் தொடங்கின. வானொலி இல்லாத காலத்தில் கடலில் உள்ள கப்பலுக்குச் செய்தியைக் கண்ணுக்குத் தெரியும்படிதான் சொல்ல முடியும். கரையில் ஒரு கம்பத்தில் கறுப்புக் கித்தான் உருவங்களை ஏற்றினார்கள். கூம்பின் முனை மேலே நோக்கினால் வடக்குப் பக்கமிருந்து பெருங்காற்று, கீழே நோக்கினால் தெற்குப் பக்கமிருந்து. உருளை மட்டும் தொங்கினால் காற்று பல திசைகளிலிருந்து அடுத்தடுத்து வரும். கூம்பும் உருளையும் சேர்ந்தால் கடும் புயல். நிறம் தூரத்தில் மங்கிவிடும், கொடி காற்றில் சுருண்டுவிடும். கூம்பும் உருளையும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே வடிவம்தான். வேகத்தை மட்டும் சொல்லாமல் திசையையும் சொல்லும்படி குறிகளை அமைத்ததில், ஒதுங்குமிடமே பொறியாக மாறிய மோயல்வ்ரேயின் பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பாம்பனிலும் "புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தியில் படிக்கிறோமே, அது இதே குடும்பம். 1864 அக்டோபரில் கல்கத்தாவை அழித்த புயலுக்கு அடுத்த ஆண்டு, இந்தியாவில் முதலாவதாக அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை வந்தது. இன்று 1 முதல் 11 வரை எண்ணுள்ள குறிகள்: பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

அந்தக் கரை பிறகு என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். நூறு ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 1959 அக்டோபர் 27 அன்று, ஹிண்ட்லி என்ற சிறு சரக்குக் கப்பல் மோயல்வ்ரே விரிகுடாவில் நங்கூரமிட்டு ஒதுங்கியிருந்தது. காற்று வடக்குப் பக்கம் திரும்பியது. நங்கூரம் தாங்கவில்லை. கப்பல் ஏறத்தாழ அதே பாறைகளை நோக்கி நகர்ந்தது. இந்த முறை உயிர்காப்புப் படகுக்காரர் ரிச்சர்ட் எவான்ஸ், நான்கு துணையாட்களோடு, தன் படகைத் திரும்பத் திரும்ப அந்தக் கப்பலின் ஓரத்தோடு ஒட்டினார். அலை படகைத் தூக்கும் நொடியில் ஒவ்வொருவராகக் குதிக்க வைத்தார். கப்பலில் இருந்த 8 பேரும் வீடு திரும்பினார்கள்.